குளோரோசிஸ்: பாசிக்கும் சோகை வருமா?

வெளிறிய பச்சை, மஞ்சளோடிய பச்சை என்ற பொருளில் கிரேக்கத்தில் 'குளோரோஸ்' என்றொரு சொல் உண்டு. குளோரின், குளோரோஃபில், குளோரோசிஸ் மூன்றும் அதிலிருந்து வந்தவை.

குளோரோசிஸ் முதலில் மனித நோயின் பெயர். இளம்பெண்கள் வெளிறிப்போவதை ஐரோப்பிய மருத்துவர்கள் அப்படி அழைத்தார்கள். காதல் ஏக்கம்தான் காரணம் என்று சொன்னவர்களும் உண்டு. நம் பசலை நினைவுக்கு வருகிறதா? பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறைவுதான். 1840-களில் பிரான்சில் எசேப் கிரிஸ், வெளிறிய செடிகளுக்கு இரும்பு உப்புக் கொடுத்துத் தேற்றினார். நோயின் பெயர் மட்டுமல்ல, மருந்தும் செடிக்குப் பொருந்திவிட்டது.

பச்சையம் குறைந்து செடியோ பாசியோ வெளிறுவதைத் தமிழில் பச்சையச் சோகை என்கிறோம். வெறும் 'சோகை' போதாது. கரும்பின் காய்ந்த இலைக்கும் அதுதான் பெயர். பசலை எனக்குப் பிடித்த சொல், ஆனால் குறுந்தொகையில் பரணர் பசலைக்கே பாசியை உவமை சொல்லிவிட்டார். பாசிக்குப் பசலை என்றால் குழம்பும்!

சரி, பச்சைப்பாசிக்கு வருவோம். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். இரும்பு அதற்குள் இல்லை. ஆனால் பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் பாசி வெளிறும்.

நைட்ரஜன் தீரும்போது நடப்பதுதான் சுவாரசியம். குளோரெல்லா என்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசி, செல் பிரிந்து பெருகுவதைக் குறைக்கிறது, புரதம் சரிகிறது, ஆனால் ஒளிச்சேர்க்கை உடனே நிற்பதில்லை. பிடித்த கார்பனைப் புரதமாக்க வழியில்லாததால் மாவுச்சத்தாகவும் எண்ணெயாகவும் சேர்த்து வைக்கிறது. வளர்ப்புச் சூழலை மாற்றியே குளோரெல்லாவின் கொழுப்பை 5 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 85 வரை கொண்டுபோக முடிந்ததாக ஸ்போர், மில்னர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1949-இல் எழுதினார்கள். டுனாலியெல்லா சலைனா என்ற இன்னொரு பச்சைப்பாசியோ கரோட்டின் என்ற நிறமியைச் சேர்த்து ஆரஞ்சு நிறமாகிவிடும். நைட்ரேட் திரும்பக் கிடைத்தால் பாசி மறுபடி பச்சையாகும். அதனால் 'சோகை' என்பது இங்கே கொஞ்சம் மிகைதான். பஞ்சத்துக்குச் சேமிக்கும் உயிரை நோயாளி என்கிறோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செடியில் அடியிலை மஞ்சளானால் நைட்ரஜன், கொழுந்து மஞ்சளானால் இரும்பு என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒற்றைச் செல் பாசியில் அடியிலை ஏது, கொழுந்து ஏது? குடுவையைப் பல பங்காக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் உப்பைச் சேர்த்து, எது பச்சையாகிறது என்று பார்க்க வேண்டியதுதான்.