ஒரே எண், இரண்டு திசைகள்: வடூஸுக்கு ஒரு நாள் போகிறவர்களுக்கு

இரவு பத்தரை மணிக்குத் தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. சுவிட்சர்லாந்துக்கு நான் திட்டம் போட்டு அனுப்பியிருந்த குடும்பத்தின் மூத்த மகன் பேசினார். “அண்ணா, ஃபெல்ட்கிர்ச் என்று ஒரு ரயில் நிலையத்தில் நிற்கிறோம். இது சுவிட்சர்லாந்து இல்லையாம், ஆஸ்திரியாவாம்” என்றார். குரல் நடுங்கியது. அங்கே மாலை ஏழு மணி. ஆறு பேர் கொண்ட குடும்பம். அதில் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை நோய். இரவு போட வேண்டிய மாத்திரை ஜூரிக் விடுதியில் இருந்தது. ஆறு பேரின் பாஸ்போர்ட்டும் அதே விடுதி அறையின் லாக்கரில் இருந்தன.

காலையில் அவர்கள் கிளம்பியது லிச்டென்ஸ்டைன் நாட்டின் தலைநகரான வடூஸுக்கு. சுமார் ஆறாயிரம் பேர் வாழும் ஊர். நம் ஊர்ப் பேரூராட்சிகள் பலவற்றில் இதைவிட மக்கள் அதிகம். அந்த நாட்டிலேயே பக்கத்து ஊரான ஷான் இதைவிடச் சற்றுப் பெரியது. நாட்டின் பரப்பு மொத்தமே 160 சதுர கிலோமீட்டர். இவ்வளவு சின்ன இடத்தில் என்ன தொலைந்துவிடப் போகிறோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாரிசுக்கும் ரோமுக்கும் மணிக்கணக்கில் உட்கார்ந்து திட்டம் போடுகிறவர்கள், வடூஸ் என்றதும் “அதைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். இந்தத் தொழிலில் பதினெட்டு ஆண்டுகள் இருக்கிறேன். பெரிய நகரத்தில் தவறு செய்தால் அடுத்த ரயில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். சின்ன ஊரில் அப்படி வராது.

அன்று நடந்தது இதுதான். வடூஸில் ரயில் நிலையம் கிடையாது. அந்த நாட்டில் விமான நிலையமும் இல்லை. ஜூரிக்கிலிருந்து போகிறவர்கள் சார்கன்ஸ் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம் ரயிலில் போய், நிலைய வாசலில் 11ஆம் எண் பஸ்ஸைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் வடூஸ். ஆனால் அந்த 11ஆம் எண் பஸ் வடூஸோடு நிற்பதில்லை. சார்கன்ஸில் கிளம்பி, வடூஸ், ஷான் வழியாக நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு வரை ஓடி, எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் ஃபெல்ட்கிர்ச் வரை போகிறது. அங்கிருந்து திரும்பி வருவதும் அதே 11தான். வடூஸ் தபால் நிலைய நிறுத்தத்தில் மாலையில் நின்ற குடும்பம், 11 என்ற எண்ணைப் பார்த்ததும் ஏறிவிட்டது. அது எதிர்த்திசையில் போகும் பஸ்.

இதில் என் பங்கும் இருக்கிறது. நான் கொடுத்த பயணத்தாளில் “பஸ் எண் 11” என்றுதான் எழுதியிருந்தேன். பஸ்ஸின் நெற்றியில் எந்த ஊர்ப் பெயர் இருக்க வேண்டும் என்று எழுதவில்லை. போகும்போது இது பெரிதாகத் தோன்றாது. திரும்பும்போது சார்கன்ஸ் என்ற பெயர்தான் எல்லாம். அன்றிலிருந்து எந்தத் திட்டத்திலும் எண்ணுக்கு முன்னால் சேருமிடத்தை எழுதுகிறேன். நீங்களே திட்டம் போடுகிறவராக இருந்தாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று: பஸ்ஸில் அறிவிப்பு வரும்போது ஊர்ப்பெயர் “ஃபதூட்ஸ்” என்பதுபோல் காதில் விழும். வடூஸ் என்ற ஒலிக்காகக் காத்திருந்து நிறுத்தத்தைத் தவறவிட்டவர்களும் உண்டு.

அன்றிரவு அவர்களைத் திரும்ப பஸ் ஏறச் சொல்லவில்லை. ஃபெல்ட்கிர்ச்சிலிருந்து ஜூரிக்குக்கு நேரடி ரயில் இருக்கிறது. வியன்னாவிலிருந்து வரும் விரைவு வண்டி அது. லிச்டென்ஸ்டைனின் குறுக்கே போகும்; ஆனால் அந்நாட்டின் எந்த நிலையத்திலும் நிற்காது. கையில் இருந்த சுவிஸ் டிராவல் பாஸ் லிச்டென்ஸ்டைன் பஸ்களிலும் செல்லும் என்பதால் அதுவரை அவர்களுக்குச் செலவு இல்லை. ஆஸ்திரியாவில் அது செல்லாது. எல்லையில் உள்ள புக்ஸ் நிலையம் வரை தனி டிக்கெட் வாங்கச் சொன்னேன். பணம் பெரிய தொகை இல்லை. புக்ஸில் சுவிஸ் எல்லைக் காவலர்கள் ரயிலில் ஏறி ஆவணங்களைக் கேட்பது வழக்கம்தான். கையில் பாஸ்போர்ட் இல்லாத ஆறு பேர் அந்த ரயிலில் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அன்று யாரும் கேட்கவில்லை. ஆனால் விடுதிக்குப் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை நான் தூங்கவில்லை.

பாஸ்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்கு ஷெங்கன் பகுதி என்று பெயர். லிச்டென்ஸ்டைன் 2011 டிசம்பரில் அதில் சேர்ந்துவிட்டது. சுவிட்சர்லாந்துக்கு எடுத்த ஷெங்கன் விசாவே போதும். ஒருமுறை நுழையும் விசாவாக இருந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியே போவதே இல்லை. ரைன் ஆற்றுப் பாலத்தில் பஸ் நாடு மாறும்போது யாரும் நிறுத்தமாட்டார்கள். இந்தச் சுலபத்தைப் பார்த்துத்தான் பலர் பாஸ்போர்ட்டை விடுதியிலேயே விட்டுவிடுகிறார்கள். எல்லையில் தடுப்பு இல்லை என்றால் சோதனையே இல்லை என்று பொருளில்லை. வெளிநாட்டுக்காரர் அசல் பாஸ்போர்ட்டை உடன் வைத்திருக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் படம் அதற்கு ஈடாகாது. தொலைந்துவிடும் என்று பயந்தால் சட்டைக்குள் கட்டும் பையில் வையுங்கள். வடூஸில் இந்தியத் தூதரகம் இல்லை. பெர்ன் நகரில் உள்ள தூதரகம்தான் லிச்டென்ஸ்டைனையும் கவனிக்கிறது. அது ரயிலில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம்.

எல்லாச் சின்ன நாடுகளும் இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கும் அண்டோரா ஷெங்கனில் இல்லை. பார்சிலோனாவிலிருந்து அதன் தலைநகருக்கு ஒரு நாள் போய்வருவது எளிதாகத் தெரியும். ஆனால் ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு அண்டோராவுக்குள் போனால், திரும்பி ஸ்பெயினுக்குள் வர உங்களிடம் விசா இருக்காது. விசாத் தாளில் நுழைவுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில், பலமுறை நுழையலாம் என்பதைக் குறிக்கும் ‘மல்ட்’ என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அந்தப் பக்கம் யோசிக்க வேண்டும்.

வடூஸில் சுற்றுலா அலுவலகத்தில் ஒரு சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு நினைவு முத்திரை ஒன்றைப் பாஸ்போர்ட்டில் குத்தித் தருகிறார்கள். இதற்காகவே போகிறவர்கள் உண்டு. என்னிடம் கேட்கிற எல்லோரிடமும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதன் உள்ளேயே அப்படி அச்சிட்டிருக்கிறது. குடிவரவு அதிகாரி அல்லாத ஒருவர் அதில் குத்தும் எந்த முத்திரைக்கும் அதில் இடமில்லை. வேறொரு நாட்டின் விசா அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஓர் அஞ்சலட்டை வாங்கி அதில் குத்தித் தரச் சொல்லுங்கள். அதை அங்கேயே தபாலில் போட்டால், உள்ளூர் அஞ்சல்தலையோடு உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சேரும். 1912 முதல் தனக்கென்று அஞ்சல்தலை வெளியிட்டுவரும் நாடு அது. கட்டணமில்லாத ஓர் அஞ்சல் அருங்காட்சியகமே வைத்திருக்கிறார்கள். அஞ்சல்தலை சேர்த்த தாத்தாக்கள் அந்த அறையைவிட்டு வெளியே வர மனமில்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று கைபேசியும் காலை வாரிவிட்டது. அவர்கள் ஜூரிக்கில் வாங்கியது சுவிஸ் சிம். லிச்டென்ஸ்டைன் சுவிஸ் நாணயத்தைப் பயன்படுத்துகிறது, சுவிஸ் சுங்க எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் அது தனி நாடு, 423 என்று தனிக் குறியீடு. அவர்களுடைய சிம் அங்கே ரோமிங்கில் போய், இருந்த சிறு தொகையும் தீர்ந்துவிட்டது. வரைபடம் திறக்கவில்லை. அதனால்தான் எதிர்த்திசையில் போவதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஐரோப்பா முழுவதற்கும் என்று விற்கும் சிம்களில் நிலைமை தலைகீழ்: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் லிச்டென்ஸ்டைன் அதில் அடங்கும், சுவிட்சர்லாந்து விடுபட்டிருக்கலாம். வாங்கும்போது இரண்டு பெயரும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வரைபடத்தை விடுதியின் வைஃபையிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ், ரயில் நேரங்களைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைப்பதை யார் வேண்டுமானாலும் பழைய பழக்கம் என்று சொல்லட்டும். அன்று அந்தக் குடும்பத்தின் கையில் இருந்த ஒரே வழிகாட்டி என் பயணத்தாள்தான், அதிலும் ஊர்ப் பெயர் இல்லை. மாத்திரையும் அப்படித்தான். ஒரு நாள் பயணத்துக்கு இரண்டு நாள் மருந்து.

சுவிட்சர்லாந்தில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் காரிலேயே கூட்டிப்போகிறார்கள். லிச்டென்ஸ்டைனில் நெடுஞ்சாலை வில்லை, அதாவது சாலைக் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாகக் காரில் ஒட்டும் வில்லை, கிடையாது. ஆனால் வரும் வழியில் சுவிஸ் ஏ13 சாலைக்கு 40 பிராங்க் வில்லை வேண்டும். அப்படியே ஆஸ்திரியா பக்கம் தொடர்ந்தால் அங்கே இன்னொன்று. வந்திருக்கும் பெற்றோரின் பாஸ்போர்ட் காரில் இருக்கட்டும், வீட்டில் வேண்டாம்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். திங்கட்கிழமை கலை அருங்காட்சியகம் மூடியிருக்கும். கருங்கல் கட்டிபோல நிற்கும் அந்தக் கட்டடத்தின் வாசல்வரை போய்த் திரும்புவது பெரிய ஏமாற்றம். ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். ஆகஸ்ட் 15 நமக்கு விடுதலை நாள். அவர்களுக்கும் அதுதான் தேசிய நாள். காலையில் கோட்டையை ஒட்டிய புல்வெளியில் விழா, இரவில் வாணவேடிக்கை. கூட்டம் பிடிக்கும் என்றால் அன்று போகலாம். அமைதியாக ஊரைப் பார்க்க நினைப்பவர்களுக்கு அந்த நாள் ஆகாது. செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாள் போதும்.

ஜூரிக்கில் காலை எட்டு மணிவாக்கில் ரயில் ஏறுங்கள். போகும் திசையில் இடப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள். முதலில் ஜூரிக் ஏரி, பிறகு வாலன் ஏரி. அந்தப் பச்சை நீருக்கு அப்பால் சூர்ஃபிர்ஸ்டன் மலைகள் சுவர்போல் எழுந்து நிற்கும். சார்கன்ஸிலிருந்து பஸ் ரைனைத் தாண்டியதும் பால்ட்ஸர்ஸ் ஊரில் குன்றின்மேல் குட்டன்பெர்க் கோட்டை தெரியும். பத்து மணிக்குள் வடூஸில் இருப்பீர்கள்.

ஷ்டெட்லே என்ற அந்த ஒரே முக்கியத் தெருவில் வண்டிகள் ஓடுவதில்லை. வேகமாக நடந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சுற்றுலாப் பேருந்துகளில் வருகிறவர்கள் அப்படித்தான் நடந்து, படம் எடுத்து, ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். “ஒன்றுமே இல்லாத ஊர்” என்று என்னிடம் சொன்னவர்கள் அனைவரும் இந்த ஒரு மணி நேரக்காரர்கள். கருவூலக் கூடம் என்று அதே தெருவில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. ரஷ்யாவின் ஃபாபெர்ஜே பட்டறையில் 1901இல் செய்த ‘ஆப்பிள் மலர் முட்டை’ என்ற நகை வேலைப்பாட்டுப் பொருளும், நிலவிலிருந்து கொண்டுவந்த கல் துணுக்கும் அங்கே இருக்கின்றன. 2008இல் திறந்த நாடாளுமன்றக் கட்டடத்தைச் செங்கல்லாலேயே கட்டியிருக்கிறார்கள். 25 உறுப்பினர்கள்தான். அதன் வாசலில் நின்றால் ஒரு நாடு எவ்வளவு சிறியதாக இருந்தும் தன்னைத்தானே ஆண்டுகொள்ளலாம் என்பது கண்ணால் பார்க்கும் செய்தியாகிவிடும்.

மேலே மலைச்சரிவில் தெரியும் கோட்டைக்கு ஏறும் பாதை இருபது நிமிடச் செங்குத்து. லிச்டென்ஸ்டைன் குடும்பம் 1712இல் இந்த நிலத்தை வாங்கியது. 1719இல் இது தனிச் சிற்றரசானது. ஆனாலும் அரசர்கள் வியன்னாவிலேயே வாழ்ந்தார்கள், 1938இல்தான் இங்கே குடிவந்தார்கள். இன்றும் அரச குடும்பம் வசிக்கும் வீடு என்பதால் உள்ளே யாரையும் விடுவதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே இருந்தாலே கோட்டை நன்றாகத் தெரியும். அவர்களை அரச திராட்சைத் தோட்டத்துப் பக்கம் சமதளத்தில் மெல்ல நடக்கவிட்டு, இளையவர்கள் மேலே போய்வரலாம்.

சாப்பாட்டை ஒரு மணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். இரண்டு மணி ஆனால் பல உணவகங்களில் சமையலறை மூடிவிடும். கேஸ்க்னோப்ஃப்ளே என்ற உள்ளூர் உணவு, சீஸ் சேர்த்த சிறு மாவுத் துண்டுகள்; அதில் இறைச்சி இல்லை. ஆனால் மாவில் முட்டை இருக்கிறது, முட்டை தொடாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். ரீபல் என்று ஒன்று உண்டு. மக்காச்சோள ரவையை வேகவைத்து வெண்ணெயில் கிளறி உதிர்ப்பார்கள். தட்டில் வந்ததும் அந்த எழுபத்திரண்டு வயது அம்மா, இது நம் உப்புமாதானே என்று சொல்லி மனநிறைவாகச் சாப்பிட்டார்களாம். யூரோவையும் வாங்கிக்கொள்வார்கள், மீதிச் சில்லறை பிராங்கில் வரும்.

நான்கு மணிக்கு ஊரைவிட்டுக் கிளம்பத் தொடங்குங்கள். நடக்க முடிந்தவர்களுக்கு பஸ்ஸைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அரை மணி நேரம் மேற்கே நடந்தால் ரைன்மேல் 1901இல் கட்டிய பழைய மரப்பாலம் வரும். கூரை வேய்ந்த, 135 மீட்டர் நீளப் பாலம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டுமே வழி. நடுவில் எல்லைக்குறி. அக்கரையில் சேவலன் ரயில் நிலையம். அங்கிருந்து சார்கன்ஸுக்கு உள்ளூர் ரயில். அடிக்கடி வரும் ரயில் இல்லை. அதன் நேரத்தைக் காலையிலேயே தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதற்கேற்ப பாலத்தில் நின்று ஆற்றைப் பாருங்கள்.