ரத்த அழுத்தம் விழும்வரை காத்திருக்காத செப்சிஸ்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு முதியவரைக் கூட்டி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் 110/70. காய்ச்சல் இல்லை, உடம்பு சில்லென்றுதான் இருக்கிறது. இரண்டு நாளாகச் சிறுநீர் எரிச்சல்; காலையிலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார். மூச்சு நிமிடத்துக்கு 28. இயல்பு 12 முதல் 20 வரை. செப்சிஸ் என்று சந்தேகப்பட இவ்வளவு போதும்.

2016இல் வகுத்த வரையறைப்படி, தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் எதிர்வினை கட்டுமீறிப் போய்த் தன் உறுப்புகளையே பழுதாக்குவதுதான் செப்சிஸ். ரத்தத்தில் கிருமி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. அழற்சியால் நைட்ரிக் ஆக்சைடு அதிகம் சுரந்து ரத்த நாளங்கள் தளர்ந்து விரிகின்றன. நுண்நாளங்கள் கசிகின்றன, ஆங்காங்கே உறைந்த ரத்தத்தின் பொடிக் கட்டிகள் அடைக்கின்றன. செல்களோ கிடைக்கிற ஆக்சிஜனைக்கூடச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் திணறுகின்றன. செல்கள் இப்படித் திணறும்போது சேரும் லாக்டேட் என்ற பொருள் ஏறுகிறது, ரத்தத்தில் அமிலம் கூடுகிறது. அதை ஈடுகட்ட உடலுக்குச் சட்டென்று கைகொடுக்கும் வழி, கார்பன் டை ஆக்சைடை வேகமாக ஊதித் தள்ளுவது. நுரையீரலில் கோளாறே இல்லாதவருக்கும் மூச்சு வாங்குவது இதனால்தான்.

இதயம் வேகமெடுத்து ரத்த அழுத்தத்தைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். அது விழும்போது நிலைமை வெகுதூரம் போயிருக்கும். ஆனாலும் அழுத்தத்தைக் கருவி வைத்து அளக்கும் நாம், மூச்சை மட்டும் பார்வையாலேயே மதிப்பிட்டு 18, 20 என்று எழுதிவிடுகிறோம். மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுவதற்கு ஈடான மலிவான பரிசோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்கு அடுத்தது விரல் நுனி. 10 விநாடி அழுத்திவிட்டால் 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாமதமானால் நுண்நாளங்களில் ஓட்டம் குறைந்திருக்கிறது என்று பொருள். சிறுநீர் குறைவதும் அதே கதைதான்.

சந்தேகம் வந்ததும் லாக்டேட், ரத்தக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) இரண்டுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும், உடனே ஆன்டிபயாடிக். 2021ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்படி, ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) இருந்தாலோ செப்சிஸ் என்று ஏறக்குறைய உறுதியானாலோ ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். ஷாக் இல்லாமல் சந்தேகம் மட்டும் என்றால், வேகமாக விசாரித்து முடிவெடுக்க மூன்று மணி நேரம்வரை அவகாசம் உண்டு.

ரத்த அழுத்தம் குறைந்தாலோ லாக்டேட் ஏறினாலோ முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி திரவம் என்கிறார்கள். 60 கிலோ எடைக்கு 1.8 லிட்டர். ஆனால் ஓட்டைக் குடத்தில் ஊற்றுகிற வேலை இது: கசிகிற நாளங்கள் வழியே திரவம் நுரையீரலுக்கும் போகும். 2011இல் கென்யா, உகாண்டா, தான்சானியாவில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வில், கடுமையான தொற்றோடு வந்த குழந்தைகளுக்குத் திரவத்தை மொத்தமாக ஏற்றியபோது இறப்பு கூடியது. அதனால் ஏற்றி, பார்த்து, மறுபடி ஏற்றுவதே முறை. மேல், கீழ் அளவுகளிலிருந்து கணக்கிடும் சராசரி ரத்த அழுத்தம் 65ஐ எட்டாவிட்டால், நாளங்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்க வேண்டும்; கழுத்து நரம்பில் குழாய் போடும்வரை காத்திராமல் கை நரம்பிலேயே தொடங்கலாம். போதிய திரவம் ஏற்றியும் 65ஐத் தக்கவைக்க இந்த மருந்து தேவைப்பட்டு, லாக்டேட்டும் லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் நின்றால் அதுதான் செப்டிக் ஷாக்.

இத்தனைக்கும் நடுவே தொற்றின் ஊற்றைத் தேட வேண்டும். கல் அடைத்துச் சீழ் கட்டிய சிறுநீரகத்தில் ஆன்டிபயாடிக் மட்டும் பலிக்காது. அடைப்பைத் திறந்து சீழை வடித்தாக வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்குள்.