மேடைப் படத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீரை நிறுத்தாதீர்கள்

ஊட்டியோ குன்னூரோ கோத்தகிரியோ, எந்த ஜிம் பையனின் போனைத் திறந்தாலும் இரண்டு பாடிபில்டிங் சாம்பியன்களை ஒட்டிவைத்த படம் ஒன்று இருக்கும். ஒரு பக்கம் ரோனி கோல்மேன், மறுபக்கம் ஜே கட்லர். யாருக்கு முதுகு அகலம், யாருக்குத் தொடை பிரிந்து தெரிகிறது என்று பேசுவதில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பேச்சு முடிந்ததும் "எனக்கும் அதே மாதிரி டிரையா (தசை வரிவரியாகத் தெரிய) வரணும்" என்று போட்டிக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, யாரோ கொடுத்த லேசிக்ஸ் என்ற சிறுநீர் பெருக்கி மாத்திரையையும் போட்டுக்கொண்டு, கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, நெஞ்சு படபடக்க எங்கள் அவசரப் பிரிவுக்கு வருகிறார்களே, அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. இதோ, மறுபடியும் ஒருவர்.

முதலில் ஒப்பிடுவதைச் சரியாக ஒப்பிடுங்கள். நடுவர்கள் பார்ப்பது அன்றைக்கு, அந்த விளக்கில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் உடல்களை மட்டும்தான். ஆட்களை இடம் மாற்றி நிறுத்தி, அதே கட்டாய போஸ்களை மறுபடி கேட்டு, இவர் முதல், அவர் இரண்டாவது என்று வரிசைப்படுத்துகிறார்கள். கட்லர் 2008இல் டெக்ஸ்டர் ஜாக்சனிடம் பாடிபில்டிங்கின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை இழந்தார், 2009இல் மீட்டார். ஒரே மனிதர்தான், ஒரே எலும்புதான். அந்த இரண்டு வருடப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், மேடை உடம்பு எவ்வளவு மாறக்கூடியது என்று புரியும். அவருக்கே நிலைக்காத ஒன்றை உங்கள் நிரந்தர இலக்காக வைத்துக்கொள்கிறீர்கள்.

அளவையும் பாருங்கள். 1998 முதல் 2005 வரை எட்டு முறை வென்ற கோல்மேன், உச்சத்தில் சுமார் 130 கிலோவோடு மேடையேறினார். 1977 முதல் 1979 வரை மூன்று முறை வென்ற ஃபிராங்க் ஜேன் சுமார் 84 கிலோதான். இரண்டுமே சாம்பியன் உடம்பு. காரை எலும்பின் நீளம், இடுப்பெலும்பின் அகலம், தசை தசைநாராக மாறும் இடம் எல்லாம் பிறப்பிலேயே வருபவை. முழங்கையை 90 டிகிரி மடக்கி பைசெப்ஸை முறுக்குங்கள். மடிப்புக்கும் தசை தொடங்கும் இடத்துக்கும் நடுவில் மறுகை விரல்களை வையுங்கள். ஒரு விரல் மட்டும் நுழைந்தால் தசை நீளம், மூன்று விரல் நுழைந்தால் குட்டை. பளுவைத் தூக்கிக் கையை மடக்கும் கர்ல் பயிற்சியை எத்தனை அடித்தாலும் இந்த இடைவெளி மாறாது. வயிற்றில் நான்கு கட்டையா, ஆறா, எட்டா என்பதும் அப்படித்தான்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். "தண்ணியை நிறுத்தினா தோலுக்கு அடியில இருக்கிற தண்ணி போயிடும், கட் (தசைகளைப் பிரித்துக் காட்டும் கோடு) தெரியும்." இதை எத்தனை மாஸ்டர்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள்! தோலுக்கு அடியில் இருப்பதை மட்டும் தேடிப்பிடித்து வெளியேற்றும் வழி உடம்பில் கிடையாது. தசையின் முக்கால் பங்கே தண்ணீர்தான். தசைக்குள் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (சேமித்து வைத்த மாவுச்சத்து) ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. தண்ணீரை நிறுத்தினால் தசை தட்டையாகும், ரத்தத்தின் அளவு குறையும், மேடைக்குப் பின்னால் எவ்வளவு ரப்பர் பேண்ட் இழுத்தாலும் பம்ப் (ரத்தம் பாய்ந்து தசை புடைப்பது) ஏறாது. கூடவே உப்பையும் நிறுத்துகிறார்கள். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகவே உப்பில் இருக்கும் சோடியம் வேண்டும், அப்புறம் சோற்றையும் உருளைக்கிழங்கையும் அள்ளிச் சாப்பிட்டு என்ன பயன்? தசைக் கோடுகளை மறைப்பது கொழுப்பு. அது பல வார உணவுக் கட்டுப்பாட்டில்தான் கரையும், இரண்டு நாளில் கரையாது.

நம் மலையில் இது இன்னும் மோசம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீரும் கூடுதலாகப் போகும். உறைபனிக் காலத்து வறண்ட காற்றில் மூச்சு வழியாகவும் நீர் இழப்பு. வியர்க்கவில்லையே என்று இருந்துவிடுகிறீர்கள். பிறகு போட்டிக்காகக் கோவைக்கு விடிகாலைப் பேருந்து. குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வெறும் வயிற்றோடு வாந்தி, மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெயில். லேசிக்ஸில் ஏற்கெனவே போன பொட்டாசியம் இன்னும் இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். தசைக்காக ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இன்னொன்று: டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூட்டும், மலை உயரத்தில் வாழ்வதும் அவற்றைக் கூட்டும், நீரிழப்பு ரத்தத்தை மேலும் கெட்டியாக்கும். மூன்றும் ஒரே உடம்பில் சேரக் கூடாது.

உலக மேடையிலேயே விலை கொடுத்திருக்கிறார்கள். 1992இல் முகமது பெனசிசா போட்டி முடிந்த கையோடு இறந்தார். 1996இல் ஆண்ட்ரியாஸ் முன்சர் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து இறந்தார், வயது 31.

செய்ய வேண்டியது இதுதான். போட்டி வாரத்தில் தண்ணீரும் உப்பும் வழக்கம்போலவே இருக்கட்டும். எடைப் பிரிவுக்குள் அடங்க ஒன்றிரண்டு கிலோ அதிகம் என்றால் மேல் பிரிவில் நில்லுங்கள், உடம்பைப் பிழியாதீர்கள். முந்தைய நாளே கீழே இறங்கித் தங்குங்கள். வளர்ச்சியைப் பார்க்க உங்கள் படத்தை உங்கள் பழைய படத்தோடு வையுங்கள்: அதே சன்னல் வெளிச்சம், அதே காலை நேரம், பம்ப் இல்லாமல், மாதம் ஒரு முறை. ரத்தப் பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் கனமான பளு வேண்டாம், இல்லையென்றால் கடும் பயிற்சியாலேயே ஈரல் என்சைம்கள் ஏறித் தெரியும். கிரியேட்டின் என்ற சத்துப்பொடி எடுப்பதையும் சொல்லுங்கள், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் படிக்க அது தேவை.

சிறுநீர் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்தில் போனாலோ, தசைப்பிடிப்பு விடாமல் வந்தாலோ, படபடப்போடு தலை சுற்றினாலோ 108ஐ அழையுங்கள். வரும்போது மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள், உங்களைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. லேசிக்ஸ் பொட்டாசியத்தை இறக்கும், ஆல்டாக்டோன் என்ற வேறொரு சிறுநீர் பெருக்கி அதை ஏற்றும். எதைப் போட்டீர்கள் என்று தெரிந்தால்தான் ஒரு நிமிடமும் வீணாக்காமல் சரியான சிகிச்சையை ஆரம்பிக்க முடியும்.