அழிப்பான் இல்லாத மேசை

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான ஓவியப் பட்டறைக்குக் கருத்தாளராகச் செல்லும்போது, பயிற்சி தொடங்குமுன் மேசைகளில் உள்ள அழிப்பான்களையும் அளவுகோல்களையும் வாங்கி வைத்துவிடுவது என் வழக்கம். பிறகு ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் மெழுகு வண்ணக் குச்சிகளும் கொடுத்து, மனத்தில் தோன்றுவதை வரையச் சொல்வேன். எந்த மாவட்டமாக இருந்தாலும் பெரும்பாலான தாள்களில் ஒரே காட்சிதான் வரும்: இரண்டு மலைகள், நடுவே எழும் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓட்டு வீடு, அதன் பக்கத்தில் ஒரு தென்னை. காவிரிப் படுகையில் பிறந்து, சன்னலைத் திறந்தால் வயலும் வாய்க்காலும் மட்டுமே தெரிகிற ஊரில் பணிபுரியும் ஆசிரியரும் அந்த இரண்டு மலைகளைத்தான் வரைகிறார். அவர் கண்ணால் கண்ட மலை அன்று அது. சிறுவயதில் கரும்பலகையைப் பார்த்துப் படியெடுத்த மலை.

'எனக்கு வரைய வராது சார்' என்று சொல்பவர்களிடம் எப்போதிலிருந்து வரவில்லை என்று கேட்டால், பெரும்பாலும் நான்காம் வகுப்பையோ ஐந்தாம் வகுப்பையோ குறிப்பிடுகிறார்கள். குழந்தை ஓவியங்களை விரிவாக ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் வகுத்துக் காட்டிய படிநிலைகளோடு இது பொருந்துகிறது. இரண்டு வயதையொட்டிக் கிறுக்கலில் தொடங்கும் குழந்தை, நான்கு வயதளவில் வட்டத்துக்குக் கை கால் முளைத்த மனிதனை வரைகிறது. ஏழு வயதளவில் மனிதன், மரம், வீடு ஆகியவற்றுக்குத் தனக்கென ஓர் உருவமுறையை அமைத்துக்கொள்கிறது. ஒன்பது வயதுக்குப் பிறகு, தன் படம் உண்மைப் பொருளைப் போல இருக்கிறதா என்று ஒப்பிடத் தொடங்குகிறது. அந்த ஒப்பீடு தலைதூக்கும் நேரத்தில், பக்கத்து இருக்கைப் பையனின் படத்துக்கு மட்டும் 'வெரி குட்' கிடைத்தால், மற்ற பிள்ளைகள் வண்ணக்குச்சியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தவர்களில் பலர்தாம் பின்னாளில் ஆசிரியர்களாகி, என் முன்னால் வெள்ளைத்தாளோடு தயங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

தயக்கத்தைக் குறைக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. எதிரில் இருப்பவரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தாளைக் குனிந்து பார்க்காமல், பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் அந்த முகத்தை வரைய வேண்டும். மூக்கு காதுக்குப் போயிருக்கும், ஒரு கண் தாடையில் இருக்கும். அறை முழுவதும் சிரிப்பு எழும். யாருக்கும் சரியாக வராது என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோடுகளில், மலைப் படத்தில் இல்லாத உயிர் இருப்பதை அவர்களே கண்டுகொள்கிறார்கள். பிறகு வெண்டைக்காய் அச்சு, நூல் ஓவியம், களிமண் என்று நகர்கிறோம். பிற்பகலுக்குள் மேல்சட்டையில் வண்ணம் படுவதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை.

இங்கே கோலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரையவே தெரியாது என்று காலையில் சொன்ன ஆசிரியையிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தால், புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் ஒன்றைத் தரையில் தடங்கலின்றி இழுத்து முடிக்கிறார். கை பழகித்தான் இருக்கிறது. வாசலில் போட்ட கோலத்துக்கு எவரும் மதிப்பெண் இடுவதில்லை, மறுநாள் காலையில் அது பெருக்கித் தள்ளப்பட்டுவிடும். ஆகவே அங்கே அச்சத்துக்கு வேலையில்லை. தாளில் போட்டால் தங்கிவிடும், தங்கினால் யாரேனும் திருத்துவார்கள் என்ற நினைப்புத்தான் கையைப் பிடிக்கிறது.

உணவு இடைவேளைக்கு முன் நான் செய்யும் ஒன்று சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். பங்கேற்பாளர்கள் ஆழ்ந்து வரைந்துகொண்டிருக்கும்போது வரிசைக்கு ஒருவரைத் தேர்ந்து, கேட்காமலேயே அவர் படத்தின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோட்டைச் 'சரிசெய்து' விட்டு நகர்ந்துவிடுவேன். சிலர் அமைதியாகிவிடுவார்கள். சிலர் தாளைத் திருப்பி வைப்பார்கள். 'சார், அது நான் வரைஞ்ச படம்' என்று எழுந்து நின்று கேட்பவரும் உண்டு. காரணத்தை விளக்கி, வருத்தமும் தெரிவித்து, புதிய தாளைக் கொடுத்த பிறகு பேச்சு தானாகவே வகுப்பறைக்குத் திரும்புகிறது. பிள்ளைகளின் தாள்களில் அன்றாடம் தாங்கள் போடும் கோடுகளை ஆசிரியர்கள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குகிறார்கள். எத்தனை மணி நேரம் உரையாற்றினாலும் இந்த உரையாடலை வரவழைக்க முடிந்ததில்லை.

அப்படித் திருத்தப்படும் படங்களில் பெரும்பாலானவை பிழையே அல்ல. பேருந்தின் பக்கச்சுவர் வழியாக உள்ளே இருக்கும் பயணிகள் முழுதாகத் தெரிவதுபோல ஒரு பிள்ளை வரைந்தால், உள்ளே ஆட்கள் இருப்பது அதற்குத் தெரியும் என்றுதான் பொருள். பாட்டி வீட்டைவிட உயரமாக இருந்தால், அந்த வீட்டில் பாட்டிதான் பெரியவர். குளத்தைச் சுற்றியுள்ள மரங்கள் நான்கு பக்கமும் படுத்துக் கிடந்தால், பிள்ளை குளத்தை மனத்தில் சுற்றி வந்து வரைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைவிடத் தனக்குத் தெரிந்ததை வரையும் வயது அது. அதற்கு எல்லைக்கோடு அச்சிட்ட வண்ணம் தீட்டும் புத்தகத்தைக் கொடுத்து, கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் பழக்கத்தை லோவன்ஃபெல்ட் அன்றே கடுமையாக எதிர்த்தார். நம் நாட்டிலும் காந்தியின் ஆசிரமம் இருந்த சேவாகிராமத்தின் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த தேவி பிரசாத், கலையே கல்விக்கு அடிப்படை என்று வாதிட்டவர்.

சட்டமும் கொள்கையும் இதற்கு எதிராக இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கலையைப் பாடங்களோடு இணைக்கச் சொல்கின்றன. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பேருக்கு மேல் பயிலும் பள்ளிக்கே பகுதிநேரக் கலைப் பயிற்றுநரைக் கட்டாயமாக்குகிறது. தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியர்தான் ஓவிய ஆசிரியரும். இணைப்பு என்ற பெயரில் நடப்பதோ, பெரும்பாலும் ஆசிரியரோ நன்றாக வரையும் ஒரே மாணவியோ தயாரித்த சார்ட் சுவரில் தொங்குவது. மற்ற பிள்ளைகள் அதற்குப் பார்வையாளர்கள். இதைக் கலைவழிக் கற்றல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டறை முடிந்து ஊர் திரும்பும் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்பவை மிகக் குறைவு. பிள்ளை வரைந்ததைப் பார்த்தவுடன் 'அழகாயிருக்கு' என்று சொல்லி நகராமல், 'இதுல யாரு இருக்காங்க, என்ன பண்றாங்க?' என்று கேட்டு, சொல்வதைத் தாளின் பின்புறம் அதே சொற்களில், தேதியோடு எழுதி வைக்க வேண்டும். ஆசிரியரின் பேனா முன்புறத்தைத் தொடக் கூடாது. ஜூன் மாதப் படத்தை மார்ச் மாதத்தில் அதே பிள்ளையின் படத்தோடு மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர் சான்று கேட்டால், அந்தத் தாள் கட்டையே எடுத்து நீட்டலாம்.