ஒடுங்கல்: டேர்போ எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீரின் பெயர்

டேர்போ இரண்டு சக்கரங்கள் கொண்ட கருவி: வெளியேறும் புகை ஒன்றைச் சுழற்ற, மற்றது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். அப்படி அழுத்திச் சூடான காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். டேர்போ பொருத்திய டீசல் வானொன்றின் இன்டர்கூலர் குழாயைக் கழற்றும்போது உள்ளே தண்ணீர் நின்றால், யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் முதலில் எழும் சந்தேகம் கசிவுதான். ஹெட் காஸ்கெற், அதாவது எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் இடையிலான அடைப்பு, போய்விட்டது என்பார் ஒருவர். கூலரில் ஓட்டை என்பார் இன்னொருவர். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் எங்கிருந்தும் கசியாத தண்ணீரும் உண்டு. ஆவியாகக் குழாய்க்குள்ளேயே வந்து, குளிர்ந்த இடத்தில் துளியாக மாறியது அது. ஆங்கிலத்தில் கொண்டென்சேஷன் எனப்படும் இந்த மாற்றத்துக்கு இலங்கைப் பாடநூல்கள் தரும் சொல் ஒடுங்கல்.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். டென்சுஸ் என்றால் அடர்ந்தது. அதிலிருந்து வந்த கொண்டென்சாரே என்ற வினைக்கு அடர்த்தியாக்குதல் என்று பொருள். ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்ற நீராவி எஞ்சினின் புதுமையே, ஆவியைத் தனிக் கலமொன்றில் குளிர்வித்துத் தண்ணீராக்கியதுதான். அந்தக் கலம் கொண்டென்சர். நம் ஆய்வுகூடங்களில் அதன் வழிவந்த கண்ணாடிக் குழாயை ஒடுக்கி என்கிறோம்.

தமிழ்ச் சொல் வேறு பக்கமிருந்து அதே பொருளை அடைகிறது. ஒடுங்கு என்றால் சுருங்கு, அடங்கு, குறுகு. இரண்டு சைக்கிள்கள் விலக இடமில்லாத பாதையை ஒடுங்கிய ஒழுங்கை என்பது இங்கே அன்றாடப் பேச்சு. கொதிநிலையிலுள்ள நீராவி தண்ணீராகும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 1,600இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அடர்த்தி கூடுகிறது என்று இலத்தீன் சொன்னதை, இடம் குறைகிறது என்று தமிழ் சொல்கிறது. சொல் பழையது. 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' என்பது குறள் 486. ஊக்கமுள்ளவனின் ஒடுக்கம், முட்டுவதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவைப் போன்றது. டேர்போவுக்குள் ஒடுங்கும் துளியும் பிறகு முட்டத்தான் செய்கிறது; அதைக் கீழே பார்ப்போம்.

ஒடுங்கல், ஒடுக்கல் இரண்டையும் குழப்பக்கூடாது. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. வடிசாலையில் ஆவியை ஒடுக்குகிறார்கள். எஞ்சினில் அது யாரும் கேளாமலே ஒடுங்குகிறது. தமிழ்நாட்டு நூல்களைப் படிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே வேதியியலில் ஒடுக்கம் என்பது ஆக்சிஜனேற்றத்துக்கு நேரெதிரான வினை. நாம் தாழ்த்தல் என்று படித்தது. நீராவி விடயத்தில் அங்கே ஆவி சுருங்குதல் என்றே பெரிதும் எழுதுகிறார்கள். அதுவும் நல்ல சொல்தான், ஆனால் ஒடுக்கி போலக் கருவிக்குச் சுருக்கமான பெயர் அதிலிருந்து எளிதில் வராது. வீட்டுப் பேச்சில் குளிர்ந்த சோடாப் போத்தல் 'வேர்க்கிறது'. அழகான சொல், இந்த இடத்துக்கு மட்டும் ஆகாது. வேர்வை உள்ளிருந்து வருவது. போத்தலின் மேல் படிவது வெளிக்காற்றின் ஈரம். கராஜில் நடக்கும் குழப்பமும் இதுவே.

இனி அந்தத் தண்ணீர் வரும் வழி. டீசலின் நிறையில் ஏறத்தாழ 13 முதல் 14 வீதம் ஐதரசன். அது எரிந்து ஒட்சிசனோடு சேரும்போது ஒன்பது மடங்கு நிறையுள்ள நீராகிறது. கணக்குப் பார்த்தால் ஒரு லீற்றர் டீசல் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீரைத் தருகிறது. நம்பக் கடினம், ஆனால் ஒட்சிசனின் நிறை காற்றிலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் புரியும். வழக்கமாக இவ்வளவும் ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும்.

அதில் ஒரு பகுதியைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடுவதுதான் ஈ.ஜீ.ஆர். தமிழில் கழிவுவாயு மீள்சுழற்சி எனலாம். எரிந்து முடிந்த வாயு உள்ளே சேர்ந்தால் ஒட்சிசனின் பங்கு குறைகிறது, எரிதலின் உச்ச வெப்பநிலை தாழ்கிறது, நைதரசன் ஒட்சைட்டுகள் குறைவாக உருவாகின்றன. புகையோடு அதன் நீராவியும் திரும்பி வருவதுதான் இதற்குக் கொடுக்கும் விலை.

வாயுவை எங்கே கலக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒடுங்கும் இடம் மாறும். உயரழுத்த முறையில் டேர்போவின் புகைச் சக்கரத்துக்கு முன்பே வாயுவை எடுத்து, இன்டர்கூலருக்கு அப்பால் சேர்க்கிறார்கள்; எஞ்சின் சூடாகாதபோது, அவ்வாயுவைக் குளிர்விக்கும் ஈ.ஜீ.ஆர். கூலரிலேயே நீர் படியும். தாழழுத்த முறையில் வாயு டேர்போவின் காற்றுச் சக்கரத்துக்கு முன்னாலேயே கலக்கிறது. குளிர்நாடுகளின் தலைவலி இங்கேதான். உறைநிலைக்குக் கீழான காற்று ஈரப்புகையைச் சந்தித்த உடனே துளிகள் பிறக்கின்றன. குழாயின் குளிர்ந்த சுவரில் படிந்து, திரண்டு, பெரிய துளிகளாக உதிர்கின்றன. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுகளுக்கு மேல் சுழலும் அலுமினியச் சக்கரத்தின் இதழ் விளிம்பில் அவை மோதினால் உலோகம் அரிக்கப்படும். அதனால் எஞ்சின் சூடாகும்வரை இவ்வழியைத் திறக்காதபடி பல வாகனங்களில் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலிலும் அந்தக் குளிர் இல்லை. இங்கே பார்க்கவேண்டிய இடம் இன்டர்கூலர். பனிபடுநிலை, அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, அழுத்தத்தோடு ஏறும். 30 பாகை செல்சியசில் 80 வீத ஈரப்பதனுள்ள காற்றுக்கு அது 26 பாகையளவு. அதே காற்றை டேர்போ இரண்டு மடங்கு அழுத்தினால் 38 பாகையைத் தாண்டும். தாழழுத்த முறையில் உட்செல்லும் காற்றில் ஐந்திலொரு பங்கு மீள்சுழல் வாயுவாகவும், அதில் 8 வீதம் நீராவியாகவும் இருந்தால் 43 பாகைக்கு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏ9 வீதியால் ஓடும் வானின் இன்டர்கூலர் அந்த அளவுக்குக் குளிர்வது பெரிய விடயமல்ல.

ஒடுங்கும் நீர் வெறும் தண்ணீராகவும் இருப்பதில்லை. டீசலிலுள்ள கந்தகம் சல்பூரிக் அமிலமாகவும், நைதரசன் ஒட்சைட்டுகள் நைத்திரிக் அமிலமாகவும் அதில் கரைகின்றன. ஈ.ஜீ.ஆர். கூலரின் உட்சுவரை அவை தின்னும். யூரோ 4 தரச் சுப்பர் டீசலில் கந்தகத்தின் எல்லை பத்து இலட்சத்துக்கு 50 பங்கு. சாதாரண ஓட்டோ டீசலில் அதைவிடக் கூடுதல். நல்லூருக்கும் திருநெல்வேலிச் சந்தைக்கும் மட்டும் ஓடும் வாகனம் சூடாக நேரமின்றி இந்த நீரை உள்ளேயே வைத்திருக்கும். கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடுவது அதை உலர்த்திவிடும்.

எனவே ஒடுங்கல்நீர், கசிவுநீர் என்று இரண்டு பெயர்கள் பட்டறையில் புழங்கவேண்டும் என்பது என் கட்சி. ஒடுங்கல்நீருக்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ரின் நிறமும் இனிப்பு மணமும் இராது. புகைக்கரி கலந்து கறுத்திருக்கலாம். றேடியேற்றர் மட்டம் இறங்காது. மட்டம் இறங்கினால் அது கசிவு. அப்போது ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் ஈ.ஜீ.ஆர். கூலரைத் தனியே அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது செலவு குறைந்த வேலை. அமிலம் அரித்த கூலர் ஓட்டையாகி, ஒடுங்கலில் தொடங்கிய கதை கசிவாகவும் மாறியிருக்கலாம். மீள்சுழற்சிக் குழாயைத் தகடு வைத்து அடைத்துவிடும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. தண்ணீர் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஈரம் முழுவதும் வாயுவிலிருந்து வருவதல்ல, மழைக்காலக் காற்றின் பங்கை எந்தத் தகடும் அடைக்காது, நைதரசன் ஒட்சைட்டோ நேரே தெருவுக்குப் போகும்.