அரைக் கிலோ மல்லியில் மாட்டிக்கொண்ட ஸ்கீமா

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு பில் ஆப் செய்து கொடுத்தேன். சர்வருக்குத் தகவல் ஜேசன் என்ற வடிவத்தில் வரும், அதைச் சரிபார்க்க ஜேசன் ஸ்கீமா (எந்த இடத்தில் எந்த வகை மதிப்பு வரலாம் என்ற விதிப்பட்டியல்) வேண்டும், கையால் எழுத சோம்பல். ஒரு நிஜ பில்லை எடுத்து, மாதிரியைப் பார்த்து ஸ்கீமா போட்டுத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒன்றில் கொடுத்தேன், உடனே வந்துவிட்டது. அந்த பில்லில் மல்லி 2 கிலோ, தள்ளுபடி நல் (null, மதிப்பே இல்லை), வரவு, அதாவது கட்டிய தொகைகள், காலி அர்ரே (பட்டியல்).

மறுநாள் விடிகாலை நாலரைக்கு போன். "தம்பி, அரைக் கிலோ போட்டா பில்லு விழமாட்டேங்குது, ஆளு நிக்குதுப்பா."

லாக்கைப் பார்த்தால், எடை இன்டிஜராக, அதாவது முழு எண்ணாக, இருக்க வேண்டுமாம். மாதிரியில் 2 இருந்ததால் லைப்ரரி அப்படி எழுதிக்கொண்டது, அதைக் குறை சொல்ல முடியாது. 2.0 என்று கொடுத்திருந்தாலும் இதேதான், ஏனென்றால் ஜேசனைப் படித்த மறுகணமே ஜாவாஸ்கிரிப்டுக்கு 2.0-ம் 2-ம் ஒன்றுதான். அதைத் திருத்திவிட்டுப் படுத்தால் எட்டு மணிக்குத் தள்ளுபடி. நல் மட்டும்தான் வரலாம் என்று ஸ்கீமா சொல்கிறது, கடைக்காரர் 20 ரூபாய் குறைத்திருக்கிறார். (இப்படி ஸ்கீமா போடும் ஜெனரேட்டரை நீங்களே எழுதுவதாக இருந்தால், மதிப்பின் வகையைச் சொல்லும் ஜாவாஸ்கிரிப்டின் டைப்ஆஃப்-ஐ நம்பி இறங்காதீர்கள். அது நல்லையும் அர்ரேயையும் ஆப்ஜெக்ட் என்றே சொல்லும், இரண்டையும் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள்.)

இதெல்லாம் கத்திக் காட்டிக்கொடுத்த தப்பு, பரவாயில்லை. சத்தமே போடாமல் இருந்தது வரவுதான். காலி அர்ரேக்குள் என்ன வரும் என்று லைப்ரரிக்கு எப்படித் தெரியும்? எதுவும் வரலாம் என்று விட்டுவிட்டது. ஆப் அந்தத் தொகையை எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காக (வெறும் எழுத்தாக) அனுப்பிக்கொண்டிருந்ததை யாரும் தடுக்கவில்லை, 500-ஐயும் 300-ஐயும் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டவைத்து 500300 என்றது. 800 ரூபாய் கட்டியவர் கணக்கில் ஐந்து லட்சம் வரவு.

இப்போதெல்லாம் ஒரு பில்லை வைத்து ஸ்கீமா எடுப்பதில்லை. அரைக் கிலோ, கடன், ரத்தானது, திரும்பி வந்தது என்று முப்பது பில்லாவது சேர்த்துக் கொடுக்கிறேன், குயிக்டைப் மாதிரியான கருவிகள் பல மாதிரிகளை ஒன்றாக வாங்கிக்கொள்ளும். அப்புறம் வந்ததை எடுத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "இது இல்லாம பில் வருமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். மாதிரியில் இருந்ததையெல்லாம் ரெக்வயர்டு (கட்டாயம்) என்று கருவி போட்டுவைத்திருக்கும், பாதி அங்கேயே கழன்றுவிடும். எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பதை எந்த மாதிரியும் சொல்லாது, அதை நானே சேர்க்கிறேன்.

அந்த ஜோரில் மல்லி விலைக்கும் ஒரு உச்சவரம்பு போட்டுவிடலாமே, கிலோ 2000 போதுமா என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டார். "தை முகூர்த்தத்துல வந்து கேளுங்க தம்பி."