டேனிஷ் மூதாதையரின் பிறப்புப் பதிவு: பெயரைவிடத் தேவாலயப் பங்குதான் முக்கியம்

டென்மார்க்கில் பிறந்த கொள்ளுப்பாட்டனைத் தேடி வருபவர்களின் கையில் பெரும்பாலும் இரண்டே தகவல்கள்தான் இருக்கும்: ஹான்ஸ் யென்சன் என்று ஒரு பெயர், 1838 வாக்கில் என்று ஒரு ஆண்டு. இணையத்தில் தேடினால் அதே பெயரில் பலர் வந்து நிற்பார்கள். ஆண்டு ஒத்துவரும் ஒருவரை எடுத்து வம்சாவளியில் சேர்த்துவிட்டால், அதற்கு மேலே எழுதப்படும் தலைமுறை அத்தனையும் யாரோ ஒருவருடையதாகிவிடும்.

காரணம் எளிது. நம் இனிஷியல் மாதிரி அங்கேயும் தகப்பன் பெயர்தான் ஒட்டிக்கொண்டு வந்தது. யென்ஸின் மகன் யென்சன், மகள் யென்ஸ்தாத்தர். அந்த ஹான்ஸுக்குப் பிறக்கும் பிள்ளை ஹான்சன். குழந்தைக்கு ஞானஸ்நானத்திலேயே குடும்பப் பெயரும் வைக்க வேண்டும் என்று 1828-இல் அரசாணை வந்தது. கிராமங்களில் அது உடனே நடைமுறைக்கு வந்துவிடவில்லை. ஆகவே ஒரே தலைமுறையில் ஒரு வீட்டில் புது முறையும் பக்கத்து வீட்டில் பழைய முறையும் இருக்கும். எழுத்துக்கூட்டலையும் நம்ப முடியாது; கிறிஸ்டனும் கிறிஸ்டியனும் ஒருவரே என்று தெரியவரும் குடும்பங்கள் உண்டு.

எனவே முதலில் பிடிக்க வேண்டியது பங்கை, அதாவது ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த ஊர்ப்பகுதியை. டேனிஷில் சோவ்ன். பிறப்பைப் பதிந்தவர் அரசு அலுவலர் அல்ல, அந்தப் பங்கின் லூத்தரன் போதகர். (தென் ஜட்லாந்து விலக்கு: 1864 முதல் 1920 வரை ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கையில் இருந்த அந்தப் பகுதியில் 1874 அக்டோபர் 1 முதல் தனி அரசுப் பதிவேடு உண்டு.) வெய்ல்பு போன்ற ஊர்ப் பெயர்கள் பல மாவட்டங்களில் உள்ளன. பங்கின் பெயரோடு ஹெர்ரெத் என்னும் வட்டம், ஆம்ட் என்னும் மாவட்டம் இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

பங்கைக் கண்டுபிடிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நல்ல வழி. 1845 முதல் பிறந்த பங்கின் பெயர் எழுதப்பட்டது. 1787, 1801, 1834, 1840 ஏடுகளில் அது இல்லை. 1787, 1801 இரண்டிலும் வயது நடப்பு வயதாக இருக்கும்: 10 என்றிருந்தால் 9 முடிந்தவர். 1901 ஏட்டில் பிறந்த தேதியே கிடைக்கும். அமெரிக்காவுக்குப் போனவர்களுக்குக் கோபன்ஹேகன் காவல்துறை 1869 முதல் 1940 வரை வைத்திருந்த குடிபெயர்வோர் பட்டியல் உதவும். ஆனால் அதில் உள்ளது கடைசியாக வசித்த ஊர். பண்ணைக்குப் பண்ணை மாறி வேலை பார்த்த ஆளுக்கு அது பிறந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு குழப்பத்தில் தவறான பங்கில் மாதக்கணக்கில் புரட்டுகிறவர்கள் அதிகம்.

பங்கு தெரிந்துவிட்டால் டேனிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்க்கிவாலியர் ஆன்லைன் தளத்தில் கோயில் (தேவாலயப்) பதிவேட்டின் படங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். அச்சிட்ட படிவம் பொதுவாக 1814 முதல். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பகுதி. வரிசை எண், பிறந்த தேதி, பெயர், ஞானஸ்நானத் தேதி, பெற்றோர், அவர்கள் தொழிலும் வசிப்பிடமும், ஞானப் பெற்றோர் என்று கட்டங்கள். போதகரிடம் ஒரு பிரதி, கோயில் எழுத்தரிடம் இன்னொன்று. தீப்பிடித்தால் இரண்டும் போய்விடக் கூடாதென்று இரண்டையும் ஒரே கூரையின்கீழ் இரவு வைக்க விடவில்லை. ஒன்றில் மை பரவியிருந்தால் மற்றதைத் திறங்கள். ஞானஸ்நானத் தேதிகள் இரண்டு இருந்தால் குழம்ப வேண்டாம்: முதலாவது வீட்டிலேயே அவசரமாகக் கொடுத்தது, இரண்டாவது குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுவந்த நாள்.

1814-க்கு முந்தைய ஏடுகள் வேறு உலகம். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் கலந்தே இருக்கும். பல பதிவுகளில் தாயின் பெயரே இராது. தேதிக்குப் பதில் திருவிழாப் பெயர் நிற்கும். '1763, திரித்துவ ஞாயிறுக்குப் பின் 3-ஆம் ஞாயிறு' என்றிருந்தால் கணக்கு இப்படி: அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 3. அதிலிருந்து 8 வாரம் கழித்து, மே 29, திரித்துவ ஞாயிறு. மேலும் 3 வாரம், ஜூன் 19. அதுவும் ஞானஸ்நான நாள்தான். பிறந்த நாள் என்று எழுதிவிடாதீர்கள். 1724, 1744 இரண்டு ஆண்டுகளிலும் டென்மார்க்கின் ஈஸ்டர் ரோமன் கத்தோலிக்க ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னே வந்தது. பொதுவான நாட்காட்டிக் கருவிகள் அங்கே தப்பான தேதி தரும். கோத்திக் என்னும் பழைய கையெழுத்தில் '7பிஆர்' என்றால் ஜூலை அல்ல, செப்டம்பர். 8, 9, 10 முறையே அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

பதிவு கிடைத்ததும் நிறுத்திவிடக் கூடாது. அதே ஏட்டின் மரணப் பகுதியில் அடுத்த சில ஆண்டுகளைக் கட்டாயம் பாருங்கள். இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்ததற்கு வைப்பது அங்கே சாதாரண வழக்கம். நீங்கள் பிடித்தது இரண்டு வாரமே வாழ்ந்த அண்ணனாக இருக்கலாம். பிறகு 14, 15 வயதில் நடக்கும் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சடங்கு) பதிவோடு ஒப்பிடுங்கள். பிறந்த தேதி, பெற்றோர் பெயரோடு அம்மை குத்திய தேதியும் அதில் இருக்கும், ஏனென்றால் 1810 முதல் அம்மை குத்தாதவருக்குத் திடப்படுத்தல் கிடையாது. குடியானவர் வீட்டு ஆண் பிள்ளை என்றால் படைச்சேர்ப்புப் பட்டியலும் உண்டு. 1849 வரை குழந்தை பிறந்ததுமே அதில் தகப்பன் பெயரின்கீழ் ஏற்றிவிடுவார்கள். ஊர் மாறினால் பழைய எண்ணைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். கோயில் ஏடு எரிந்துபோன பங்குகளில் இதுவே கடைசித் துணை.

பிறந்த ஊர் என்ற இடத்தில் 'திராங்கேபார்' என்றிருந்தால் திகைக்க வேண்டாம். நம் தரங்கம்பாடிதான், 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்களின் கையில் இருந்தது.

திருமணம் ஆகாத தாயின் குழந்தை என்றால் குறிப்புக் கட்டத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். தகப்பன் என்று தாய் சொன்ன ஆளின் பெயர் அங்கே இருக்கும். பிறப்புக்கு 10 மாதம் முன் அவள் எந்த வீட்டில் வேலை பார்த்தாள் என்பதையும் போதகர் சில இடங்களில் எழுதியிருப்பார். கோபன்ஹேகனின் அரசுப் பிரசவ விடுதியில் பெயர் சொல்லாமலே பெற்றுக்கொள்ள அனுமதி இருந்தது. அப்படிப் பிறந்த குழந்தையின் பதிவில் தாயின் பெயர் இராது. வளர்த்த குடும்பத்தின் பங்கில் திடப்படுத்தல் பதிவிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டியிருக்கும்.